வழுக்கையாறு, நாற்பது செக்கன்

வருடத்தில் பத்து மாதம் இது ஆறில்லை.
மாடு கட்டுவார்கள். பெடியள் விக்கெட் நடுவார்கள்.
கார்த்திகையில் மட்டும்
சண்டிலிப்பாய் வெளியில்
தன் பெயரை நினைத்துக்கொள்ளும்.

பிரதேச செயலகத்தின் பின்னறை. கரண்ட் இல்லை.
மடிக்கணினியில் இருபத்தொன்பது வீதம்,
கைப்பேசியிலிருந்து இரவல் இணையம்.
அந்தத் தளம் பெயர் கேட்கவில்லை, காசு கேட்கவில்லை,
கொழும்பிலிருந்து கடிதம் கேட்கவில்லை.
சாத்தாத படலை.
உள்ளே போய் மழையை எழுதினேன்:
ஆறு மணித்தியாலம், இருநூற்றுப் பத்து மில்லிமீற்றர்.
சுண்ணக்கல்லுக்குள் எத்தனை பிலம், எவ்வளவு குடிக்கும்?
அதுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
இரண்டு பேருமாய் ஒரு எண்ணை ஊகித்தோம்.
ஓடு என்றேன்.

நாற்பது செக்கன்.
நீலம் அளவெட்டியில் கசிந்து
கந்தரோடையைத் தொட்டு
பிறகு, வெட்கமில்லாமல், மேற்கே திரும்பிற்று
ஒரு மலையைச் சுற்றிக்கொண்டு.

மலை!
யாழ்ப்பாணத்தில்.

கிட்டப் போய்ப் பார்த்தால் செல்வானந்தத்தின் பனங்கூடல்.
செய்மதி வட்டுகளைத் தடவி
நிலம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறது.
மேலேயிருந்து எங்களைப் பார்த்தவர்கள் எவரும்
சரியாகப் பார்த்ததில்லை;
அதற்குக் கோபிக்க இன்றைக்கு நேரமில்லை.
சுட்டியால் கூடலை வளைத்து
பதின்மூன்று மீற்றர் கீழே இறக்கினேன்.
ஒரு மரமும் விழவில்லை.

பிறகு, ஆவணியில் கனடாக் காசில் எழும்பிய மதில்.
அது படத்தில் இன்னும் பிறக்கவேயில்லை.
ஒரு கோடு கீறினேன்.
வழக்குப் போட்டும் அசையாத மதில்,
கீறும்போது கை கொஞ்சம் இனித்தது.

மறுபடி ஓடு.
இந்த முறை நீலம் முன்பள்ளிக்குள் போனது,
முழங்காலளவு.
முன்பள்ளியில்தான் பாய் விரித்திருந்தோம்
எண்பத்தாறு பேருக்கு.

விதானையாருக்கு எடுத்தேன்.
"பிள்ளை, பருப்பு அடுப்பிலை."
"அடுப்போடை தூக்குங்கோ. மாதா கோயிலடி மேடு."
"ஆர் சொன்னது?"
கணினி என்று சொல்ல வாய் வரவில்லை.
"மதில்," என்றேன்.
கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது.
"ஓம், மதில்," என்றார்.

மேசையின் அந்தப் பக்கம்
நிவாரணப் படிவம் எண்ணிக்கொண்டிருந்தாள் புஸ்பலதா.
பதுளைப் பக்கம். இங்கே நியமனம் கிடைத்து ஒரு வருடம்.
"அக்கா, எங்க அண்ணன் லயத்தையும்
ஒருதரம் போட்டுப் பாருங்களேன்."

படத்தைத் தெற்கே இழுத்தேன், இழுத்துக்கொண்டே இருந்தேன்.
உயரக் கோடுகள் விரல்ரேகை போல நெருங்கின.
அங்கே நீலம் போதாது, வேறு பொத்தான்.
அது ஒரு பெட்டியைத் திறந்து கேட்டது:
பாறைக்கு மேலே மண் எவ்வளவு ஆழம்?

எனக்குத் தெரிய வழியில்லை.
எங்கட மண்வெட்டி இரண்டாம் கொத்திலேயே கல்லைச் சொல்லும்.
அவள் படிவங்களைக் கீழே வைத்தாள்.
"அப்பாவ அடக்கம் பண்றப்ப
ஏழடியில பாறை தட்டுச்சு.
லயத்துக்கு மேல்பக்கம்தான்."

ஏழடி.
இரண்டு தசம் ஒன்று என்று அடித்தேன்.

பதினெட்டு வீதம்.
சிவப்பு தேயிலையை உரித்துக்கொண்டு வந்து
கூரைகளுக்கு ஒரு நகக்கண் தூரத்தில் நின்றது.
நகக்கண் எத்தனை காலடி என்று அவள் கேட்கவில்லை.
மண்ணை ஓரடி கூட்டச் சொன்னாள்.
கூட்டினேன்.
திரையைப் பாராமல் எழும்பிப் போய்
யன்னலடியில் நின்று அழைக்கத் தொடங்கினாள்.

நீங்கள் அழைக்கும் இலக்கம்
மறுபடி
நீங்கள் அழைக்கும் இலக்கம்

வெளியே மழை
எங்கள் கணக்கின்
இரண்டாவது மணித்தியாலத்தில் இருந்தது.